தோளில் புலி, கையில் ஆஸ்கர்

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்தப் புலியைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. 2023 மார்ச் 12, லாஸ் ஏஞ்சலஸ், டால்பி தியேட்டர் வாசல். நமக்கு இங்கே 13ஆம் தேதி திங்கட்கிழமை, தெருவிளக்குகூட அணைக்காத நேரம். டிவியில் ஜூனியர் என்டிஆர் நடந்து வருகிறார். கழுத்து மூடிய கறுப்பு பந்த்கலா, அதன் தோளில் தங்க இழையில் ஒரு புலி! கௌரவ் குப்தா வடிவமைத்த உடுப்பு. ‘ஆர்ஆர்ஆர்’ படத்தில் காட்டுக்குள் வெறும் உடம்போடு புலியை எதிர்த்து நின்றாரே, அதே மனுஷர் இப்போது அந்தப் புலியையே தோளில் ஏற்றிக்கொண்டு ஹாலிவுட்டுக்குள் நுழைகிறார். பக்கத்திலேயே ராம் சரண், அவரும் முழுக் கறுப்பில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. நான் சோபாவில் உட்கார்ந்திருக்கவில்லை, சோபா மேலே நின்றுகொண்டிருந்தேன். “டேய், கீழ இறங்குடா” என்று அம்மா சொன்னது காதில் விழத்தான் செய்தது, கால்தான் இறங்க மாட்டேன் என்றது.

இன்னொன்று கவனித்தீர்களா? அந்த வருஷம் கம்பளம் சிவப்பே இல்லை! 1961லிருந்து ஆஸ்கர் என்றாலே சிவப்புக் கம்பளம்தான், அதைத் தூக்கிவிட்டு ஷாம்பெயின் நிறத்தில் ஒன்றை விரித்துவிட்டார்கள். டிகிரி காபியில் பால் கொஞ்சம் தூக்கலாகிவிட்டால் வருமே, அந்த நிறம். என் தங்கைக்குப் பிடிக்கவே இல்லை, “கல்யாண மண்டபத்துல கார்ப்பெட் மாத்த மறந்துட்டாங்களா?” என்றாள். எனக்கோ கொள்ளை ஆசை. ஏன் தெரியுமா, சிவப்பு என்றால் அது தன் பங்குக்கு ஒரு சத்தம் போடும், உடுப்பைப் பார்க்க விடாது. இந்த மங்கலான தரையில் ஒவ்வொரு கறுப்பும் எவ்வளவு கறுப்பு, ஒவ்வொரு வெள்ளையும் எவ்வளவு வெள்ளை! ஏஞ்சலா பாஸெட் உடுத்திய அந்த ஊதா, அப்பப்பா, திரையை விட்டு வெளியே வந்து நம் வீட்டுச் சுவரில் அடித்த மாதிரி இருந்தது.

அப்புறம் நடிகை தீபிகா. கறுப்பு லூயி விட்டான் கவுன், தோள்கள் திறந்து, முழங்கைக்கு மேல் வரை கறுப்புக் கையுறை, கழுத்தில் வைரம், தலையை இழுத்து முடிந்த கொண்டை. அவ்வளவுதான், வேறு ஒரு நகாசு கிடையாது. பழைய காலத்து ஹாலிவுட் நடிகைகளின் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் இருக்கின்றனவே, அவற்றின் பக்கத்தில் இந்தப் படத்தை வைத்தால் ஒரு துளி வித்தியாசம் தெரியாது, சத்தியமாகச் சொல்கிறேன். அந்தக் கழுத்தும் அந்த நடையும் அந்த நிதானமும் பார்த்துவிட்டு, இனி இன்றைக்கு யார் என்ன உடுத்தி வந்தாலும் சரி, தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்று தங்கை அறிவித்துவிட்டாள். நான் புலிக் கட்சி. அந்தச் சண்டை இன்றுவரை ஓயவில்லை.

உள்ளே நிகழ்ச்சி தொடங்கி, தொகுப்பாளர் ஜிம்மி கிம்மல் வந்து பேசி, இரண்டாவது விருதிலேயே என்னைக் கவிழ்த்துவிட்டார்கள். துணை நடிகர். அரியானா டிபோஸ் உறையைப் பிரித்ததும் பெயரைச் சொல்வதற்கு முன்னாலேயே குரல் உடைந்துவிட்டது. கீ ஹுவி குவான்! ‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்’. இவர் யார் என்று நினைக்கிறீர்கள்? 1984இல் வந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்’ படத்தில், இலங்கை மலைப்பக்கத்தில் எடுத்தார்களே, அதில் தொப்பி போட்டுக்கொண்டு ஹாரிசன் ஃபோர்டுக்குப் பின்னால் ஓடிய அந்தப் பொடியன்! வளர்ந்த பிறகு வாய்ப்பே இல்லை. கேமராவுக்குப் பின்னால் சண்டைக் காட்சி வேலைகளுக்குப் போய்விட்டார், பல வருஷம். இப்போது மேடையேறி, அழுதுகொண்டே, சிலையை முத்தமிட்டுக்கொண்டே, எண்பத்து நான்கு வயதில் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவைக் கூப்பிட்டு “அம்மா, நான் ஆஸ்கர் ஜெயிச்சுட்டேன்!” என்கிறார். தன் பயணம் ஒரு படகில் ஆரம்பித்தது, ஒரு வருஷம் அகதி முகாமில் இருந்தேன், எப்படியோ இங்கே வந்து நிற்கிறேன் என்கிறார். படகு, அகதி முகாம் என்ற சொற்களை நம் ஆட்கள் சும்மா கேட்டுவிட்டுப் போய்விட முடியுமா? இலங்கையிலிருந்து மண்டபத்துக்கும் திருச்சிக்கும் எத்தனை குடும்பங்கள் அப்படி வந்து இறங்கின! எனக்குத் தொண்டை அடைத்து, தேம்பி அழுதேன், காலங்கார்த்தாலே, பல்கூட விளக்காமல், யாரென்றே தெரியாத ஒரு மனிதருக்காக. அந்த அழுகையைப் பற்றி எனக்கு இன்றும் பெருமைதான்.

துணை நடிகை விருதை ஜேமி லீ கர்ட்டிஸ் அடுத்தே ஜெயித்தார். அப்பா டோனி கர்ட்டிஸும் அம்மா ஜேனட் லீயும் ஆளுக்கொரு முறை பரிந்துரை வரை வந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள். மகள் அறுபத்து நான்கு வயதில் மேலே பார்த்துச் சொன்னார், ஜெயித்துவிட்டேன் என்று. ஏஞ்சலா பாஸெட்டுக்கு அந்த விருது போயிருக்கலாம் என்று மனசு ஒரு நிமிஷம் முணுமுணுத்தது. ஒரு நிமிஷம்தான்.

உடை என்றால் ஏதோ பகட்டு, பெண்கள் பத்திரிகைச் சமாச்சாரம் என்று நினைப்பவர்களைப் பிடித்து உட்காரவைத்து, ரூத் ஈ. கார்ட்டர் மேடையேறிய காட்சியைக் காட்ட வேண்டும். ‘பிளாக் பேந்தர்: வகாண்டா ஃபார்எவர்’ படத்துக்கு உடை வடிவமைப்பு விருது. முதல் படத்துக்கும் இவரேதான் வாங்கினார். இரண்டு ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினப் பெண், எந்தப் பிரிவை எடுத்துக்கொண்டாலும்! அந்த வாரம்தான் அவருடைய அம்மா 101 வயதில் இறந்திருந்தார். மறைந்த நாயகன் சாட்விக் போஸ்மனைப் பெயர் சொல்லி அழைத்து, என் அம்மாவைப் பார்த்துக்கொள் என்று கேட்டாரே, அரங்கமே அசையவில்லை. துணியும் ஊசியும் நூலும் ஒரு இனத்தின் மரியாதையைத் தூக்கி நிறுத்துமா என்றால், நிறுத்தும். நமக்கு இது தெரிந்த கதைதானே? இந்தியாவுக்கு முதல் ஆஸ்கர் எதற்கு வந்தது? நடிப்புக்கா, இசைக்கா? உடைக்கு! ‘காந்தி’ படத்துக்காக பானு அதையா, 1983. கதரும் வேட்டியும் சேலையும் வாங்கித் தந்த ஆஸ்கர் அது.

இங்கே லேடி காகாவை விட்டுவிட்டால் பாவம் பிடிக்கும். வாசலில் வெர்சாச்சே கவுனில், உதட்டில் இரத்தச் சிவப்போடு, கண்ணைப் பறிக்க வந்தவர், கொஞ்ச நேரம் கழித்து மேடையில் பாட வரும்போது பார்த்தால் மேக்கப் ஒரு பொட்டு இல்லை! கறுப்பு டி-ஷர்ட், முட்டி கிழிந்த ஜீன்ஸ், கேமரா முகத்துக்கு அத்தனை கிட்டத்தில். ஒரே இரவில் அந்த இரண்டு கோலத்தையும் போட ஒரு நெஞ்சு வேண்டும். பாட்டில் அவர் எங்கள் எதிரணி, ‘ஆர்ஆர்ஆர்’ படத்து ‘நாட்டு நாட்டு’வுக்குப் போட்டி. இருந்தாலும் எழுந்து நின்று கைதட்டினேன்.

சரி, இப்போது முதுமலைக்கு வருவோம்! கற்பனை பண்ணிப் பாருங்கள், உலகத்துப் பெரிய நட்சத்திரங்கள் எல்லாம் வைரம் மின்ன உட்கார்ந்திருக்கிற அரங்கில், குறும் ஆவணப்படப் பிரிவில் ‘தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்’ என்று பெயர் வாசிக்கிறார்கள். தெப்பக்காடு யானை முகாமில் எடுத்த படம்! மின்சாரம் தாக்கித் தாயைப் பறிகொடுத்த குட்டி ரகு, அதை மடியில் போட்டு வளர்த்த காட்டுநாயக்கர் தம்பதி பொம்மன், பெள்ளி. அந்தப் படத்தில் அவர்கள் பேசுவது தமிழ், ஐயா, நம் தமிழ்! பால் கலந்து ஊட்டும்போதும், குளிப்பாட்டும்போதும், ரகுவைக் கொஞ்சும்போதும், பிரிய நேர்ந்து கலங்கும்போதும் பேசுகிற அந்தத் தமிழுக்கு ஆஸ்கர். ஊட்டிப் பொண்ணு கார்த்திகி கோன்சால்வ்ஸ் மேடையில் நின்று, மனிதருக்கும் இயற்கைக்கும் உள்ள புனிதமான உறவைப் பற்றியும் பழங்குடி மக்களுக்கு நாம் தர வேண்டிய மரியாதையைப் பற்றியும் பேசி, தாய்நாடு இந்தியாவுக்கு என்று முடிக்கிறார். பக்கத்தில் தயாரிப்பாளர் குனீத் மோங்கா, இளஞ்சிவப்புச் சேலையில். அந்தச் சேலையின் அழகை நான் எப்படிச் சொல்வேன்! அத்தனை கவுன்களுக்கும் நடுவில், அத்தனை கறுப்புக் கோட்டுகளுக்கும் நடுவில், ஒரு முந்தானை. சேலை கட்டிக்கொண்டு ஆஸ்கரைத் தூக்கிக் காட்டினால் எப்படி இருக்கும் என்று இனி யாரும் கற்பனை செய்யத் தேவையில்லை, பார்த்தாகிவிட்டது. அவர் பேச வாயெடுத்ததும் இசையைப் போட்டுவிட்டார்கள், அது ஒன்றுதான் வயிற்றெரிச்சல். போகட்டும், அந்தச் சிலையை யாரும் திருப்பிக் கேட்கவில்லையே! பரபரப்பு அடங்குவதற்குள் அப்போது முதலமைச்சராக இருந்த ஸ்டாலின், பொம்மனையும் பெள்ளியையும் சென்னைக்கு வரவழைத்து ஆளுக்கு ஒரு லட்சம் கொடுத்து, முகாம்களில் வேலை செய்கிற 91 பேருக்கும் தலா ஒரு லட்சம் என்று அறிவித்தபோது இன்னொரு முறை கைதட்டினேன்.

இப்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், பாட்டுக்கு வருகிறேன். அதே கறுப்பு கவுனில் தீபிகா மேடைக்கு வந்து ‘நாட்டு நாட்டு’வை அறிமுகம் செய்கிறார். செய்ய விட்டால்தானே! ஒரு வரி பேசினால் கூட்டம் ஆரவாரிக்கிறது, அவர் நிறுத்திச் சிரிக்கிறார், மறுபடி தொடங்குகிறார், மறுபடி ஆரவாரம். ராகுல் சிப்லிகஞ்சும், பாட்டுக்கு இசையமைத்த கீரவாணியின் மகன் கால பைரவாவும் பாட வருகிறார்கள். அந்த அடி விழுகிறது! படத்தில் இந்தப் பாட்டை எடுத்த இடம் எது தெரியுமா, உக்ரைனில் கீவ் நகரத்து மரியின்ஸ்கி மாளிகை, 2021இல், போர் தொடங்குவதற்குச் சில மாதம் முன்னால். அந்த மாளிகை முற்றத்தையே டால்பி மேடையில் கொண்டுவந்து நிறுத்தி, சஸ்பெண்டரைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பிரேம் ரக்ஷித் அமைத்த அந்தக் கால்வெட்டை வெட்டுகிறார்கள், தூள் பறக்கிறது, முன்வரிசையில் தலைகள் ஆடுகின்றன, முடிந்ததும் மொத்த அரங்கமும் எழுந்து நிற்கிறது. மேடையில் ஆடியவர்களில் நம் பக்கத்து முகம் இல்லையே என்று பிற்பாடு பேச்சு வந்தது, நியாயமான பேச்சுதான், ஆனால் அந்த நிமிஷம் எனக்கு அதெல்லாம் எங்கே உறைத்தது, நானே எங்கள் கூடத்தில் ஆடிக்கொண்டிருந்தேன், தங்கை ஒரு பக்கம் நான் ஒரு பக்கம், வலது கால் முன்னே, பின்னே, பக்கத்தில், மேலே, கீழ்வீட்டு மாமா என்னவோ ஏதோ என்று படியேறி வந்து, டிவியைப் பார்த்து, “நாட்டு நாட்டா?” என்று கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்!

அதற்குப் பிறகு உறை. கேட் ஹட்சனும் ஜனெல் மோனேயும் வந்து நிற்கிறார்கள். போட்டியில் யார் யார்? ரிஹானா, லேடி காகா, டயான் வாரன், டேவிட் பர்ன். பேரைக் கேட்டாலே கைகால் நடுங்கும். நடுவே ஒரு தெலுங்குப் பாட்டு. அந்தப் பெயரை உச்சரித்தார்கள் பாருங்கள், நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது, மாமா என் தோளைப் பிடித்து உலுக்குகிறார், தங்கை அழுகிறாள், திரையில் பின்வரிசையில் இயக்குநர் ராஜமௌலியும் அவர் மனைவியும் துள்ளிக் குதித்துக் கட்டிக்கொள்கிறார்கள், இசையமைப்பாளர் கீரவாணியும் பாட்டெழுதிய சந்திரபோஸும் மேடைக்கு நடக்கிறார்கள், நான் எல்லோரிடமும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: அது நம்ம மரகதமணி! அது நம்ம மரகதமணி! ஆமாம், பாலசந்தர் ‘அழகன்’ படத்தில் மரகதமணி என்று நமக்கு அறிமுகப்படுத்தினாரே, ‘வானமே எல்லை’, ‘ஜாதி மல்லி’ என்று அடுத்தடுத்து நம் ரேடியோக்களை நிறைத்தாரே, அந்த மனிதர்தான் இந்தக் கீரவாணி! 1991இல் ‘அழகன்’ கேசட்டைத் தேயத் தேயக் கேட்ட வீடு எங்கள் வீடு. என் அம்மா, அதுவரை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவர், கரண்டியோடு ஓடிவந்து “யாரு, மரகதமணியா? அழகன் மரகதமணியா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். கீரவாணி மேடையில் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? கார்பெண்டர்ஸ் பாட்டு கேட்டு வளர்ந்தவன், இன்றைக்கு ஆஸ்கரோடு நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு, அந்தக் குழுவின் பழைய மெட்டில் தன் நன்றியுரையையே பாடிவிட்டார்! உலகம் பார்த்துக்கொண்டிருக்கிற மேடையில், பதற்றமே இல்லாமல், சின்னப் பையன் குறும்போடு! கேமரா தீபிகா பக்கம் திரும்பினால் அவர் கண்ணும் கலங்கியிருக்கிறது. 2009இல் நம் ரஹ்மான் சிலையைக் கையில் வைத்துக்கொண்டு “எல்லாப் புகழும் இறைவனுக்கே” என்று அந்த விழாவில் தமிழில் சொன்னபோது இந்த உடம்பு சிலிர்த்தது. ஆனால் அவருக்கு விருது வாங்கித் தந்தது பிரிட்டிஷ் படம். இது இந்தியப் படத்தின் பாட்டு, அப்படி ஒரு பாட்டு இந்த விருதை வாங்கியது அதுதான் முதல் தடவை. அந்த இரண்டு காலைகளையும் பார்த்துவிட்டேன், எனக்கு வேறென்ன வேண்டும்!

அதோடு டிவியை அணைத்திருந்தாலும் என் ஜென்மம் கடைத்தேறியிருக்கும். ஆனால் விழா விடவில்லையே. ‘தி மம்மி’ படத்தில் பாலைவனத்தில் ஓடித் திரிந்த பிரெண்டன் ஃபிரேசர் ‘தி வேல்’ படத்துக்குச் சிறந்த நடிகராகி, மூச்சுத் திணறத் திணறப் பேசினார். பிறகு ஹாலி பெர்ரியும் ஜெசிகா சாஸ்டைனும் சிறந்த நடிகையை அறிவித்தார்கள்: மிஷெல் யோ, அதே ‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்’ படத்துக்கு! வெள்ளைச் சிறகுகள் அடுக்கடுக்காய் அசையும் டியோர் கவுன், கூந்தலில் வைரம், அறுபது வயது, ஈப்போவில் பிறந்த மலேசியப் பெண். 1992இல் ‘போலீஸ் ஸ்டோரி 3’ படத்தில் ஓடுகிற ரயில் மேல் நிஜமாகவே மோட்டார் பைக்கில் பாய்ந்தவர் இவர், மறந்துவிடாதீர்கள். சிறந்த நடிகை விருதை வாங்கிய முதல் ஆசியப் பெண். உங்கள் காலம் முடிந்துவிட்டது என்று யாரும் சொல்ல விடாதீர்கள் என்று பெண்களைப் பார்த்துச் சொன்னார். அவருடைய அம்மாவுக்கும் எண்பத்து நான்கு வயது! கோலாலம்பூரில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், இதை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன் என்றார். ஒரே இரவில், ஒரே படத்துக்காக, எண்பத்து நான்கு வயது அம்மாக்கள் இரண்டு பேருக்கு இரண்டு ஆஸ்கர்!

கடைசியில் சிறந்த படம். அறிவிக்க வந்தவர் யார்? ஹாரிசன் ஃபோர்ட்! அவர் வாயாலேயே ‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்’. அந்தப் படத்துக்கு அன்றைக்கு ஏழாவது விருது. கீ ஹுவி குவான் மேடைக்கு ஓடி வந்து, விரலை நீட்டிக் காட்டிக்கொண்டே போய், தன் பழைய இண்டியானா ஜோன்ஸைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். முப்பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம்! ஒரு சலவைக்கடைக்காரி வரிக் கணக்கோடு மல்லாடுகிற கதைக்கு, தொப்பி போட்ட பொடியனுக்கு, நம் மரகதமணிக்கு, தெப்பக்காட்டு ரகுவுக்கு என்று ஒரே காலையில் எல்லாக் கதவும் திறந்துகொண்டதே, இப்படி ஒரு விழா திரும்ப வருமா? ‘தி பான்ஷீஸ் ஆஃப் இனிஷெரின்’ ஒன்பது பரிந்துரையோடு வந்து ஒன்றுகூட வாங்காமல் போனதையும், ‘ஆல் தட் ப்ரீத்ஸ்’ என்ற நம் ஷௌனக் சென் ஆவணப்படம் தவறிப்போனதையும் நண்பர்கள் பெருமூச்சோடு சொன்னார்கள். காதில் போட்டுக்கொள்ள எனக்கு நேரமில்லை, அலுவலகத்துக்குக் கிளம்ப வேண்டியிருந்தது, வழியெல்லாம் பேருந்தில் பக்கத்து சீட்காரரிடம் இதையேதான் சொல்லிக்கொண்டு போனேன். அவரும் பாதியில் போனை எடுத்து அந்தப் பாட்டைப் போட்டார்.

யானைப் படத்தை இன்னும் பார்க்கவில்லையா? நாற்பது நிமிஷம்தான், இன்று ராத்திரியே பாருங்கள். பார்த்துவிட்டு அந்தச் சேலையையும் பாருங்கள், தீபிகாவையும் பாருங்கள், புலியையும் பாருங்கள். பார்த்தபின் என் தங்கையிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள், புலிதான் என்று.